பிஸ்கட் குயில்ட் தைத்துப் பரிசு கொடுக்கப் போகிறீர்களா? என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

இதுவரை நாலு பிஸ்கட் குயில்ட் தைத்திருக்கிறேன். நாலும் பரிசாகப் போய்விட்டன, என்னிடம் ஒன்றுகூட மிச்சமில்லை. ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு யாராவது ஒருத்தர் "நானும் ஒருத்தருக்குத் தைக்கணும், எப்படி?" என்று ஆரம்பிப்பார்கள், அப்புறம் அதே இருபது சந்தேகம் அதே வரிசையில் வரும். தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே போட்டுவிட்டேன். மேலிருந்து படித்தால் நல்லது, ஏனென்றால் பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பித்தான் நிற்கின்றன.

பிஸ்கட் குயில்ட்னா என்ன? பிஸ்கட்டுக்கும் போர்வைக்கும் என்ன சம்பந்தம்?

சின்னச் சின்னச் சதுரப் பைகளுக்குள் பஞ்சை வைத்து, அவற்றைக் கட்டம் கட்டமாகச் சேர்த்துத் தைத்தால் வருவதுதான். ஒவ்வொரு கட்டமும் குட்டித் தலையணை மாதிரி புஸ்ஸென்று உப்பி நிற்கும். நமக்குப் பிஸ்கட் என்றால் தட்டையாக, மொறுமொறுவென்று இருப்பது. அதனால்தான் பெயர் குழப்புகிறது. அமெரிக்காவில் பிஸ்கட் என்பது மெத்தென்று உப்பிய ஒரு சின்ன ரொட்டி. அதைத் தட்டில் நெருக்கி அடுக்கிச் சுட்டால் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கும், குயில்ட்டும் பார்க்க அப்படியே இருக்கும். பஃப் குயில்ட், பன் குயில்ட் என்று சொன்னாலும் இதேதான்.

புதுச் சரக்கு ஒன்றும் இல்லை. விக்டோரியா காலத்தில் பட்டு, வெல்வெட் துண்டுகளில் வரவேற்பறை அலங்காரமாகத் தைத்தார்கள். 1970களில் பாலியஸ்டர் துணியில் திரும்பி வந்தது, இப்போது மறுபடியும் வந்திருக்கிறது.

நான் இதுவரை தலையணை உறைதான் தைச்சிருக்கேன். என்னால முடியுமா?

முடியும். நேர்த்தையல் தெரிந்தால் போதும், வளைவு கிடையாது, ஜிப் கிடையாது, கழுத்து கை எதுவும் கிடையாது. இதில் இருக்கும் கஷ்டம் வேறு மாதிரி: ஒரே வேலையைத் தொண்ணூறு தடவை செய்யவேண்டும், தொண்ணூறாவது தடவையும் முதல் தடவை போலவே செய்யவேண்டும். அந்தப் பொறுமை இல்லை என்றால் நாலு பிஸ்கட்டில் ஒரு குஷன் உறை தைத்துப் பாருங்கள், அதுவும் பரிசுதான்.

எவ்வளவு பெரிசாத் தைக்கலாம்? எத்தனை பிஸ்கட் வேணும்?

முதல் தடவைக்கு 36 × 40 இன்ச். ஒரு பிஸ்கட் முடிந்தபின் 4 இன்ச் என்றால், 9 பிஸ்கட் அகலம், 10 பிஸ்கட் நீளம், ஆக 90. தரையில் விரிக்க, சோபாவில் சாத்த, ஒரு சின்னப் பிள்ளை போர்த்திக்கொள்ளச் சரியான அளவு. பெரியவர்கள் மடியில் போட்டுக்கொள்ள வேண்டுமென்றால் 48 × 60, அதற்கு 180 பிஸ்கட் ஆகும்.

இந்தப் பக்கம் முழுக்க அந்த 90 பிஸ்கட் கணக்கை வைத்துத்தான் பேசப்போகிறேன். உங்களுடையது வேறு அளவு என்றால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

துணி எவ்வளவு வாங்கணும்? கணக்குப் போட்டுக் குடுங்களேன்.

ஒரு பிஸ்கட்டுக்கு இரண்டு சதுரம். கண்ணுக்குத் தெரியும் மேல்துணி 5½ இன்ச், உள்ளே மறைந்துபோகும் அடித்துணி 4½ இன்ச். மேலே இருப்பது ஒரு இன்ச் பெரிதாக இருப்பதால்தான் உப்புகிறது, இதுதான் மொத்த சூட்சுமம்.

44 இன்ச் அகலத் துணியில் இரண்டு ஓரக்கரையையும் கழித்தால் 42 இன்ச் தேறும். அதில் 5½ இன்ச் சதுரம் ஒரு வரிசைக்கு 7 வரும். 90 சதுரத்துக்கு 13 வரிசை, அதாவது 71½ இன்ச். 2 மீட்டர் வாங்கினால் கொஞ்சம் மிச்சமும் இருக்கும் (மிச்சம் தேவைப்படும், ஏன் என்று கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்). பல நிறமாக வேண்டுமென்றால் இந்த 2 மீட்டரைப் பங்கு போட்டு வாங்குங்கள், ஆனால் ஒவ்வொரு நிறத்திலும் ஓரத்தில் வீணாகும் என்பதால் கொஞ்சம் கூட்டியே வாங்கவேண்டும். அடித்துணிக்கு 1¼ மீட்டர், முதுகுப் பக்கத்துப் பின்துணிக்கு 1¼ மீட்டர், ஓரப்பட்டிக்கு 40 சென்டிமீட்டர்.

எந்தத் துணி நல்லது? பழைய சட்டையெல்லாம் வெட்டிப் போடலாமா?

மேலே இழுவை இல்லாத நல்ல காட்டன், பாப்ளின் மாதிரி. அடித்துணிக்கு மெல்லிய சாதாரண வெள்ளைக் காட்டன் போதும், யாரும் அதைப் பார்க்கப்போவதில்லை. வெல்வெட், சாட்டின் பார்க்க அழகு, ஆனால் வெல்வெட் வெட்டும்போதே மிஷின் முழுக்க உதிரும், சாட்டின் ஓரம் பிரிந்துகொண்டே போகும். முதல் குயில்ட்டுக்கு இரண்டும் வேண்டாம்.

பழைய சட்டை, கவுன், இரவு உடை எல்லாம் தாராளமாகப் போடலாம், ஞாபகத்துக்காகக் கொடுக்கும் பரிசென்றால் அதுதான் சிறப்பு. டி-சர்ட் மாதிரி இழுபடும் துணி என்றால் பின்னால் அயர்ன் பண்ணி ஒட்டும் கேன்வாஸில் மெல்லிய ரகத்தை ஒட்டிவிட்டு அப்புறம் சதுரமாக வெட்டுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பிஸ்கட் மட்டும் தொளதொளவென்று தொங்கும். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். காரணம் மடிப்புக் கேள்வியில் வருகிறது.

நிறத்தைப் பற்றி என் சொந்த அபிப்பிராயம்: பெரிய பெரிய பூப் போட்ட துணியில் உப்பல் தெரியாமல் போகிறது. வெற்று நிறத்தில் ஒவ்வொரு பிஸ்கட்டின் மேலும் வெளிச்சமும் நிழலும் விழுந்து அதன் உருண்டை நன்றாகத் தெரியும். பாதிக்குமேல் வெற்றுத் துணியாக வைத்துக்கொண்டால் போட்ட உழைப்பு கண்ணுக்குத் தெரியும்.

வெட்டறதுக்கு முன்னாடி துணியைத் துவைக்கணுமா?

கட்டாயம். காட்டன் சுருங்கும், மேல்துணியும் அடித்துணியும் வேறு வேறு அளவில் சுருங்கினால் பிஸ்கட் கோணிக்கொள்ளும். சிவப்பு, கருநீலம், கரும்பச்சை இவற்றைத் தனியாக ஊறவைத்து, ஈரத்தோடு ஒரு வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஏறினால் அந்தத் துணி இந்தக் குயில்ட்டுக்கு ஆகாது, எவ்வளவு பிடித்திருந்தாலும்.

எந்தப் பஞ்சு? இலவம்பஞ்சு இருக்கே, அதைப் போடலாமா?

பொம்மைக்கு அடைக்கும் பாலியஸ்டர் பஞ்சு. துவைத்தாலும் மறுபடி உப்பும், சீக்கிரம் காயும். இலவம்பஞ்சும் பருத்திப் பஞ்சும் தலையணைக்கு அருமை, ஆனால் தண்ணீர் பட்டால் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். தலையணையைப் பிரித்துக் கொட்டி வெயிலில் போட்டு அடித்துத் திரும்ப அடைக்கலாம், 90 பிஸ்கட்டை யார் பிரிப்பது? பழைய தலையணையிலிருந்து எடுத்த பாலியஸ்டர் பஞ்சும் வேண்டாம், அது ஏற்கெனவே அழுந்திச் செத்துப்போயிருக்கும்.

துணித் துண்டு, நூல் வெட்டு எல்லாம் அடைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். அடைத்தால் கனக்கும், கைக்கு நெருடும். பரிசுக்கு அது வேண்டாமே.

5½ இன்ச் துணியை 4½ இன்ச் துணிமேல எப்படி வைக்கிறது? பொருந்தவே மாட்டேங்குது!

பொருந்தக் கூடாது, அதற்காகத்தான் அந்தக் கூடுதல் ஒரு இன்ச். அடித்துணியைக் கீழே வையுங்கள், மேல்துணியை நல்ல பக்கம் மேலே தெரிய அதன்மேல் வையுங்கள். முதலில் நாலு மூலையையும் மூலையோடு மூலை சேர்த்துக் குண்டூசி குத்துங்கள். இப்போது ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் கொஞ்சம் துணி தூக்கிக்கொண்டு நிற்கும். அதை விரலால் கிள்ளி ஒரு பக்கமாகச் சாய்த்தால் அரை இன்ச் ஆழத்தில் ஒரு மடிப்பு விழும், அதன்மேல் இன்னொரு குண்டூசி. நாலு பக்கமும் இப்படி.

தையல் போடுவது துணி ஓரத்திலிருந்து அரைக்கால் இன்ச்சில். பிற்பாடு பிஸ்கட்டுகளைச் சேர்க்கும்போது கால் இன்ச்சில் தைப்போம், அதனால் இந்த முதல் தையல் உள்ளே போய் மறைந்துவிடும். முடிந்தபின் வெளியே இந்தத் தையல் எட்டிப் பார்க்கிறதென்றால் ஒன்று இதை ரொம்ப உள்ளே தைத்திருக்கிறீர்கள், இல்லை சேர்க்கும் தையல் ஓரத்துக்கு ஓடியிருக்கிறது. நான் பாதுகாப்புக்கு, சேர்க்கும் தையலைக் கால் இன்ச்சுக்கு ஒரு நூலிழை அளவு கூடவே போடுவேன்.

மடிப்பு எந்தப் பக்கம் சாயணும்? எப்படிச் சாய்ச்சா என்ன?

எப்படிச் சாய்த்தாலும் பிஸ்கட் உப்பும். ஆனால் இதில்தான் உங்கள் மிஷின் ஊசியின் ஆயுள் இருக்கிறது. எல்லாப் பிஸ்கட்டிலும் மடிப்பைக் கடிகார முள் சுற்றும் திசையிலேயே சாய்த்துவிடுங்கள்: மேல்பக்கத்து மடிப்பு வலது நோக்கி, வலது பக்கத்து மடிப்பு கீழ் நோக்கி, கீழ்ப்பக்கத்து மடிப்பு இடது நோக்கி, இடது பக்கத்து மடிப்பு மேல் நோக்கி.

ஏன் என்றால், இரண்டு பிஸ்கட்டைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்க்கும்போது முதலாவதின் வலது ஓரமும் இரண்டாவதின் இடது ஓரமும் சேர்கின்றன. ஒன்றின் மடிப்பு நடுவிலிருந்து கீழே போகிறது, மற்றதன் மடிப்பு நடுவிலிருந்து மேலே போகிறது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. எண்ணிப் பாருங்கள், சாதாரணமாகவே அந்தத் தையலில் மேல்துணி இரண்டு, அடித்துணி இரண்டு, ஆக 4 அடுக்கு. ஒரு மடிப்பு இருக்கும் இடத்தில் 6. இரண்டு மடிப்பும் ஒரே இடத்தில் விழுந்தால் 8. ஆறு அடுக்குக் காட்டனை வீட்டு மிஷின் கடந்துவிடும், எட்டில் திணறும், எட்டு அடுக்கு ஜீன்ஸில் ஊசி உடையும். (ஜீன்ஸ் ஏன் வேண்டாம் என்றேன் என்பது இப்போது புரிந்திருக்கும்.)

பஞ்சை எப்போ அடைக்கிறது? மூணு பக்கம் தைச்சுட்டா, இல்ல எல்லாம் தைச்சுட்டா?

மூன்று வழி இருக்கிறது, மூன்றிலும் தைத்துப் பார்த்துவிட்டேன்.

ஒன்று, ஒவ்வொரு பிஸ்கட்டையும் மூன்று பக்கம் தைத்து, பஞ்சு வைத்து, நாலாவது பக்கத்தை மூடுவது. எளிது, ஆனால் அதன்பிறகு உப்பிய 90 உருண்டைகளோடு மல்லுக்கட்ட வேண்டும். இரண்டாவது, அடித்துணியின் நடுவில் முன்கூட்டியே 1½ இன்ச்சுக்கு ஒரு கீறல் போட்டுவிட்டு நாலு பக்கமும் தைத்து, பஞ்சே இல்லாமல் எல்லாவற்றையும் சேர்த்துவிட்டு, கடைசியில் பின்பக்கமாகக் கீறல் வழியே அடைப்பது. கீறலை மூலைவாட்டத்தில், அதாவது கிராஸாகப் போடுங்கள், நூல் அவ்வளவாகப் பிரியாது. தட்டையாக இருக்கும்போதே தைப்பதால் மிஷினுக்கு ரொம்பச் சுகம். கைக்குத்தான் வேலை: 90 கீறலையும் ஊசி நூலால் நாலு தையல் போட்டு மூடவேண்டும். பின்துணி மறைக்கும்தானே என்று சும்மா விட்டால் பஞ்சு மெல்ல வெளியே நகர்ந்து வந்து பின்துணிக்குள் கட்டியாக உட்கார்ந்துகொள்ளும்.

மூன்றாவதுதான் இப்போது என் வழி. எல்லாப் பையையும் இடது, கீழ், வலது என மூன்று பக்கம் தைத்து மேல்பக்கத்தைத் திறந்தே வைப்பது. ஒரு வரிசைக்கான 9 பைகளைப் பக்கவாட்டில் சேர்த்துவிட்டு, ஒன்பதுக்கும் வரிசையாகப் பஞ்சு வைத்து, மேல்பக்க மடிப்புகளைக் குத்தி, ஒரே ஓட்டத்தில் நீளமாக ஒரு தையல். பக்கவாட்டுச் சேர்ப்பு எல்லாம் தட்டையாக நடந்துவிடும், பஞ்சோடு தைக்கவேண்டியது வரிசைக்கும் வரிசைக்கும் இடையிலான தையல் மட்டும்தான்.

ஒரு பிஸ்கட்டுக்கு எவ்வளவு பஞ்சு? ஒரு பிடியா?

"ஒரு பிடி" என்றுதான் நானும் முதல் தடவை ஆரம்பித்தேன். காலையில் பிடித்த பிடியும் ராத்திரி பத்து மணிக்குப் பிடித்த பிடியும் ஒன்றில்லை. மேல்பாதி விறைத்துக்கொண்டு, கீழ்ப்பாதி சவசவவென்று இருந்தது. தூரத்தில் நின்று பார்த்தால் போர்வை வழுக்கி இறங்குகிற மாதிரியே தெரியும். அக்கா பெருந்தன்மையோடு "டிசைன் நல்லாருக்கு" என்றாள்.

சமையலறைத் தராசில் எடை போடுங்கள். முதலில் மூன்று பிஸ்கட் தைத்து 4, 6, 8 கிராம் வைத்துப் பாருங்கள். என் பஞ்சில், இந்த 4 இன்ச் அளவுக்கு 6 கிராம் சரியாக வந்தது. பஞ்சு ரகத்துக்கு ரகம் மாறும், அதனால் உங்கள் எண்ணை நீங்களே கண்டுபிடியுங்கள். சரியான அளவு எதுவென்றால், விரலால் நடுவில் அழுத்தினால் அடித்துணி தட்டுப்பட வேண்டும், விட்டால் திரும்ப எழ வேண்டும். போதாதோ என்று தோன்றுகிற அளவில் நிறுத்துங்கள், ஏனென்றால் பக்கத்துப் பிஸ்கட்டுகள் சேர்ந்ததும் ஒன்றையொன்று நெருக்கி எல்லாம் இன்னும் உப்பித் தெரியும். அதிகமாக அடைத்தது அழகுக்கும் ஆகாது, தைக்கவும் விடாது, மடிக்கவும் வராது.

கணக்கு: 90 × 6 = 540 கிராம். 750 கிராம் வாங்குங்கள். ஒரு ராத்திரி உட்கார்ந்து 90 குவியலாகப் பிரித்துவைத்துவிட்டால் அடைக்கும் வேலை பறக்கும். மின்விசிறியை அணைத்துவிட்டுப் பிரியுங்கள்.

வரிசைகளைச் சேர்க்கும்போது மிஷின் நகரவே மாட்டேங்குது. என்ன பண்றது?

முதலில் ஃபுட்டை, அதாவது ஊசிக்குக் கீழே துணியை அழுத்திப் பிடிக்கும் காலை, மாற்றுங்கள். ஜிப் தைக்கும் ஒற்றைக்கால் ஃபுட் இருந்தால் அது போதும், பிஸ்கட்டின் வயிறு அதன்மேல் முட்டாது. வாக்கிங் ஃபுட் இருந்தால் இன்னும் நல்லது, மேலும் கீழும் துணி ஒரே வேகத்தில் நகரும். ஊசி 90/14, தையல் நீளம் 3 முதல் 3½ மில்லிமீட்டர். ஃபுட்டின் அழுத்தத்தைக் குறைக்கும் திருகு உங்கள் மிஷினில் இருந்தால் குறையுங்கள். குண்டூசிக்குப் பதில் கிளிப் போடுங்கள், அவ்வளவு கனத்தில் குண்டூசி வளைந்துவிடும்.

அப்புறம் மிஷினுக்கு இடதுபுறம் ஒரு மேசையோ நாற்காலியோ போட்டு, முடிந்த பாகத்தின் கனத்தை அதன்மேல் இறக்கிவையுங்கள். அது தொங்கி இழுத்தால் தையல் கோணும், நீங்கள் மிஷினைத் திட்டுவீர்கள். ரெண்டு வரிசைக்கு ஒருமுறை பாபின் பெட்டியைத் திறந்து தூசு தட்டுங்கள், இந்தப் பஞ்சு எங்கே நுழைகிறது என்றே தெரியாது, ஆனால் நுழையும்.

இத்தனைக்கும் நகரவில்லை என்றால் பஞ்சு அதிகம், அவ்வளவுதான். முந்தைய கேள்விக்குத் திரும்பிப் போங்கள்.

நாலு மூலையும் சந்திக்கிற இடம் சேரவே மாட்டேங்குது.

முதலாம் வரிசையின் தையல் ஓரங்களை எல்லாம் வலதுபக்கம் சாய்த்தால், இரண்டாம் வரிசையில் இடதுபக்கம் சாயுங்கள், ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும். அயர்ன் வேண்டாம், சூட்டில் பாலியஸ்டர் பஞ்சு உருகும். விரலால் அழுத்தினால் போதும். சந்திப்புகளுக்கு முதலில் கிளிப் போட்டுவிட்டு மிச்சத்தை அப்புறம் பாருங்கள். ஒரு நூல் இரண்டு நூல் தள்ளிப்போனால் கவலையே படாதீர்கள், உப்பல் மறைத்துவிடும்.

எல்லாம் சரியாத்தான் தைச்சேன், ஆனா 36 × 40 வரலை. எங்க தப்பு?

தப்பே இல்லை. பஞ்சு உள்ளே போனதும் அடித்துணியும் லேசாக வளைகிறது, வளைந்தால் அகலம் குறையத்தானே செய்யும். மொத்தத்தில் ஓரிரு இன்ச் குறைவது சாதாரணம். நாலைந்து இன்ச் குறைந்திருந்தால் பஞ்சு அதிகம், அல்லது சேர்க்கும் தையலை அரை இன்ச்சுக்குப் போட்டிருக்கிறீர்கள். இதனால்தான் பின்துணியை முதலிலேயே அளந்து வெட்டவேண்டாம் என்கிறேன். மேல்பாகம் முழுக்க முடிந்தபின் தரையில் விரித்து அளந்து, சுற்றிலும் 2 இன்ச் கூடுதலாக வைத்து வெட்டுங்கள்.

பின்துணியை எப்படிச் சேர்க்கிறது? நடுவுல இன்னொரு பஞ்சு ஷீட் வேணுமா?

வேண்டாம். ஏற்கெனவே வேண்டிய பஞ்சு உள்ளே இருக்கிறது, ஷீட்டும் வைத்தால் பலகை மாதிரி நிற்கும்.

பின்துணியை நல்ல பக்கம் தரையைப் பார்க்க விரித்து, ஓரங்களை டேப்பால் தரையில் ஒட்டி, குயில்ட்டை அதன்மேல் வையுங்கள். நாலு பிஸ்கட் சந்திக்கும் மூலைகளில் ஊசியை இறக்கி ஏற்றி முடிச்சுப் போடவேண்டும். 9 × 10 கட்டத்தில் உள்ளே 72 சந்திப்பு இருக்கும், ஒன்றுவிட்டு ஒன்றாக 36 இடத்தில் போட்டால் போதும். ஆறு இழை எம்ப்ராய்டரி நூலும் ஆகும், கெட்டியான குரோஷா நூலும் ஆகும். முடிச்சை வலதை இடதின்மேல் போட்டு ஒரு தடவை, இடதை வலதின்மேல் போட்டு ஒரு தடவை. இரண்டு தடவையும் ஒரே மாதிரி போட்டால் அவிழும்.

ஓரத்துக்கு என்ன? பைப்பிங் மாதிரியா?

ஓரப்பட்டிதான், ஆனால் வழக்கத்தைவிட அகலமாக, 3 இன்ச். இரண்டாக நீளவாக்கில் மடித்து முன்பக்கம் மிஷினில் தைத்து, பின்பக்கம் திருப்பிக் கையால் எம்மிங் செய்யுங்கள். அதற்குமுன் சுற்றிலும் ஓரத்தில் அரைக்கால் இன்ச்சில் ஒரு கச்சா தையல் ஓட்டி, பின்துணியோடு சேர்த்து அமுக்கிவிட்டால் பாதிப் போராட்டம் குறையும். 42 இன்ச் பட்டி 4 போதுமென்று தோன்றும், மூலை மடிப்புக்கும் ஒட்டுக்கும் சேர்த்து 5 வெட்டுங்கள்.

பிறக்கப்போற குழந்தைக்குத்தான் தைக்கறேன். தொட்டில்ல போடலாமா?

கூடாது. இதைப் பாதி பேர் கடைசியில் கேட்கிறார்கள், முதலில் கேட்டிருக்க வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை தூங்கும் இடத்தில் குயில்ட், தலையணை, மெத்தென்ற பொம்மை எதுவும் இருக்கக்கூடாது என்பதுதான் அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் போன்ற மருத்துவ அமைப்புகள் சொல்வது. முகம் புதைந்தால் அந்த வயதில் தானாகத் திருப்பிக்கொள்ளத் தெரியாது, மூச்சு முட்டும். சாதாரணப் போர்வைக்கே இந்தப் பேச்சு என்றால், இது 90 குட்டித் தலையணைகளின் கூட்டம். குழந்தைக்கு மேலேயும் வேண்டாம், கீழேயும் வேண்டாம், தொட்டிலின் பக்கவாட்டில் சாத்தியும் வேண்டாம்.

அதற்காகத் தைக்காமல் இருக்கவேண்டியதில்லை. குழந்தை விழித்திருக்கும்போது, பெரியவர் ஒருவர் கண்முன்னால் இருக்கும்போது, தரையில் விரித்துப் போடலாம். ஒரு வயது தாண்டியபின் அதுவே இழுத்துக்கொண்டு திரியும். ஆனால் இதைப் பரிசு வாங்குபவருக்கு எப்படியாவது தெரிவித்துவிடுங்கள். நான் சின்ன அட்டையில் "தூங்கும்போது அல்ல, விளையாடும்போது" என்று எழுதிப் பின் குத்திவிடுவேன். முகத்துக்கு நேரே சொல்லத் தயங்குகிறவர்களுக்கு அட்டை நல்ல உபாயம்.

இன்னொன்று, குழந்தைக்கென்றால் பொத்தான் வைத்து அலங்கரிக்காதீர்கள். நூல் முடிச்சின் வால்களும் வேண்டாம், பல் முளைக்கும் பிள்ளை அதைத்தான் தேடிப்பிடித்து இழுக்கும். அந்த 36 இடத்திலும் மிஷினில் முன்னும் பின்னும் நாலு தையல் அடித்து நிறுத்திவிடுங்கள்.

டபுள் பெட் அளவுக்குத் தைக்கணும். பெரிய பிஸ்கட்டாப் போட்டா வேலையும் பஞ்சும் மிச்சம்தானே?

வேலை மிச்சம், பஞ்சு மிச்சமில்லை. 80 × 88 இன்ச்சுக்கு 4 இன்ச் பிஸ்கட் 440 வேண்டும், 6 கிராம் வீதம் 2.6 கிலோ. அதையே 6 இன்ச் பிஸ்கட்டாக 78 × 90 அளவில் போட்டால் 195 போதும். ஆனால் பிஸ்கட் அகலமாகும்போது உயரமும் சேர்ந்து வளர்கிறது, அதே உருண்டை வரவேண்டுமென்றால் ஒன்றுக்கு 20 கிராம் பிடிக்கும், மொத்தம் 3.9 கிலோ. பாதிக்கும் குறைவான பிஸ்கட், ஒன்றரை மடங்கு பஞ்சு! துணியின் கனம் வேறு. பெரிய பிஸ்கட்தான் வேண்டுமென்றால் தட்டையாக, 12 கிராம் அளவில் நிறுத்துங்கள், 2.3 கிலோவில் முடியும், உப்பல் சுமார்தான்.

என்னைக் கேட்டால் கட்டில் அளவு வேண்டாம். என் மூன்றாவது குயில்ட் அப்படித்தான் பெரிதாகப் போனது. வாங்கியவர் வீட்டு வாஷிங் மிஷினுக்குள் அது நுழையவில்லை, நனைத்தால் ஒருவரால் தூக்க முடியவில்லை, இப்போது பரணில் இருக்கிறது. துவைக்கப்போவது யார், எதில் துவைப்பார்கள் என்று முதலில் விசாரித்துவிட்டு அளவைத் தீர்மானியுங்கள்.

எப்படித் துவைக்கிறது?

மிதமான சுற்றில், குளிர்ந்த தண்ணீரில், சுழற்றிப் பிழிவதைக் குறைத்துவைத்து. தொங்கவிட்டால் தண்ணீரின் கனத்தில் தையல் இழுபடும், அதனால் தட்டையாகவோ இரண்டு மூன்று கொடிகளில் பரப்பியோ காயப்போடுங்கள். பாதி காய்ந்ததும் ஒருமுறை உதறி, கட்டிதட்டியிருக்கும் பிஸ்கட்டை விரலால் பிசைந்துவிட்டால் மறுபடி உப்பும். அயர்ன் மட்டும் எப்போதும் வேண்டாம்.

கொடுப்பதற்குமுன் ஒருமுறை நீங்களே துவைத்துவிடுங்கள். எங்காவது தையல் விட்டிருந்தால் அது உங்கள் வீட்டிலேயே தெரியட்டும்.

எத்தனை நாள் முன்னாடி ஆரம்பிக்கணும்?

90 பிஸ்கட் குயில்ட்டுக்கு எனக்கு 20 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும், அதில் கைத்தையல் மட்டும் நாலைந்து மணி. வார இறுதிகளில் மட்டும் தைப்பவர் என்றால் ஒன்றரை மாதம் முன்னால் ஆரம்பியுங்கள். நாள் நெருங்கிவிட்டது, பாதிதான் முடிந்தது என்றால் வரிசைகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். 6 × 6 ஆக முடித்தாலும் 24 இன்ச் சதுரத்தில் அழகான தரைமெத்தை, அதில் நீளத்தில் நாலு வரிசையும் அகலத்தில் மூன்று வரிசையும் குறைந்தது என்று உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

காற்றை உறிஞ்சுற பையில போட்டு அனுப்பலாமா? பார்சல் சின்னதா ஆகுமே.

இரண்டு மூன்று நாள் பயணமென்றால் பரவாயில்லை, பிரித்து உதறி ஒரு நாள் விரித்துவைத்தால் எழுந்துவிடும். மாதக்கணக்கில் அப்படியே வைத்தால் பஞ்சு அமுங்கிப்போகும், மடிப்புகள் கோடு கோடாக நிற்கும். நேரில் கொடுப்பதென்றால் மடிக்காமல் சுருட்டி, ஒரு துணி நாடாவால் தளர்வாகக் கட்டிக் கொடுங்கள்.

கொடுத்தப்புறம் ஒரு பிஸ்கட் மட்டும் கிழிஞ்சுட்டா? மொத்தத்தையும் பிரிக்கணுமா?

பிரிக்கவே வேண்டாம். மிச்சம் வைத்த மேல்துணியில் ஒரு சதுரம் வெட்டி, நாலு ஓரத்தையும் உள்ளே மடித்து, கிழிந்த பிஸ்கட்டின் மேலேயே மூடிச் சுற்றிலும் எம்மிங் செய்துவிடலாம். பழைய துணி உள்ளேயே இருக்கட்டும், பஞ்சு குறைந்திருந்தால் கடைசிப் பக்கத்தை மூடுவதற்குமுன் கொஞ்சம் திணித்துக்கொள்ளுங்கள். வெட்டும்போது 5½ அல்ல, 6 இன்ச்சாக வெட்டுங்கள்: இதற்கு எல்லா ஓரமும் வெளியே தெரியும், உள்ளே மடிக்கத் துணி வேண்டும்.

நான் குயில்ட்டோடு ஒவ்வொரு நிறத்திலும் ஒரு சதுரம் மடித்து, அந்த அட்டையோடு ஒரு கவரில் போட்டுக் கொடுத்துவிடுகிறேன். நாலு பேரில் ஒருத்தர் அதைக் கைக்குட்டை என்று நினைத்துப் பயன்படுத்திவிட்டார், அதனால் இப்போது கவர்மேல் "ஒட்டுப்போட" என்று பெரிதாக எழுதுகிறேன்.